கம்பியில ரெண்டு தட்டு

வட்டவளை, மேப்பிரிவு லயம்
1962 பெப்ரவரி 8

மெட்ராஸ் பட்டணத்துல ஆகாசத்த அண்ணாந்து பார்த்துக்கிட்டு கெடக்குற என் மகன் சிவசாமிக்கு, தரையில ரெண்டு காலையும் ஊணி நிக்கிற ஒங்கப்பன் மாயாண்டி எழுதிக்கிறது. இங்க நானும் ஒங்கம்மாவும் ஆடும் சொகம். மூணு பேர்ல ஆடுதான் ரொம்ப சொகம். நீயும் அங்க நேரத்துக்கு சாப்புட்டு நல்லா இருக்கணும்னு மாரியாத்தாளக் கேட்டுக்கிட்டு மிச்சத்த எழுதுறேன்.

ஒன் காயிதம் புதன்கெழம வந்துச்சு. காலப் பெரட்டுல, அத்தன சனமும் வேலைக்குப் பேர் குடுக்க நிக்கிற நேரத்துல, வேல வாங்குற கண்டாக்கு ஐயா கையிலருந்து வாங்குனேன். ஒங்கம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுறதுக்குள்ள கொழுந்துக் கூடைய எறக்கி வச்சிட்டு அழுதுட்டா. நல்ல சேதிக்கு அழுற பொம்பளய நான் கட்டிக்கிட்டு வந்திருக்கேன். நம்ம நாட்டுலயே, ரத்மலானையில ரெண்டே ரெண்டு ஏரோப்பிளேன் வச்சிருக்குற ஒரு சின்னக் கம்பெனி ஒன்ன பைலட்டா எடுக்குறேன்னு சொல்லிட்டாங்கன்னா சும்மாவா? லயம் முழுக்க சொல்லிட்டா. ஆட்டுக்கிட்டயும் சொன்னா, நான் காதால கேட்டேன்.

ஒரு வருசமா நீ ஏறி எறங்காத கம்பெனி இல்லன்னு எனக்குத் தெரியும். லைசென்சு வாங்கி என்ன புண்ணியம், இருநூத்திப் பதினாலு மணிதான் பறந்திருக்க, ஐநூறு மணி பறந்துட்டு வான்னு எல்லாரும் சொல்றாங்கன்னு எழுதுன. பறந்தவனுக்குத்தான் வேல, வேல கெடச்சாத்தான் பறக்கலாம். நம்ம பழைய கண்டாக்கு மாதிரியே இருக்காங்க. கொழுந்து எடுக்கத் தெரியாத புள்ளைக்கு பேர் போட மாட்டேம்பாரு, பேர் போடாத புள்ள மலைக்குள்ள கால் வைக்கக் கூடாதும்பாரு. நான் முப்பத்தாறு வருசம் கம்பிகிட்ட நின்னேன். அந்த மணிய எல்லாம் கூட்டிப் பார்த்தா எத்தன ஆயிரம் வரும்? எனக்கு யாரும் ஒரு ஏரோப்பிளேன் குடுக்கல.

மணி பத்தலன்னா இன்னொன்னு சேத்துக்க. நீ மொதமொத பறந்தது மெட்ராசுல இல்ல, என் கம்பியில. மேமலையிலருந்து தேயில அரைக்கிற ஸ்டோருக்கு கொழுந்துச் சாக்கு எறக்குற அந்தக் கம்பியில, எட்டு வயசுல, நான் வெத்தல மடிச்சுக்கிட்டு இருந்த நேரம் பார்த்து கொக்கியப் புடிச்சுத் தொங்கிட்டு போயிட்ட. கீழ சாக்கு அவுக்குற செல்லசாமி, கொழுந்துக்குப் பதிலா ஒரு பய வந்து விழுந்ததப் பார்த்துட்டு ஒக்காந்துட்டான். அன்னைக்கு ஸ்டோருல நின்ன நம்ம பழைய தொர, சண்டையில ஏரோப்பிளேன் ஓட்டுன மனுசன், வயித்தப் புடிச்சுக்கிட்டு சிரிச்சாரு. இந்தப் பய பயப்படலயேன்னு சொன்னாரு. அன்னைலருந்து ஒன்ன விடல. சீமைக்குப் போறப்பவும் மெட்ராசுல பறக்கப் படிக்க வழி பண்ணிட்டுத்தான் போனாரு. ஆகையினால அந்தக் கம்பிப் பயணத்த ஒன் மணிக் கணக்கு புஸ்தகத்துல மேல எழுதிக்க. ஒரு நிமிசந்தான் இருக்கும். இருந்தாலும் அது ஒன் அப்பன் குடுத்த நிமிசம்.

மத்த விசயம். ஆடு குட்டி போடும் போல இருக்கு. மழ இன்னும் விடல. எனக்கு மூட்டு வலி.

கம்பெனிக்காரங்க இந்த நாட்டுப் பிரஜாவுரிமைக் காயிதம் கேக்குறாங்க, மார்ச் கடைசிக்குள்ள காட்டணும், காட்டுனா வேல, காட்டலன்னா வேற ஆளுன்னு எழுதியிருக்க. நான் 51ல நம்ம மூணு பேருக்கும் சேத்துப் போட்ட மனு என்னாச்சு, நுவரெலியாவுல கவர்மெண்டுக் கச்சேரியில போய்க் கேளுங்கன்னும் எழுதியிருக்க. அந்த வரிய மட்டும் ஒங்கம்மாவுக்கு வாசிக்கல, பாவம், அவளுக்கு எதுக்கு. கேக்குறேன். பஸ்ஸு ஒழுங்கா இல்ல. மழ விடட்டும்.

குளிருக்கு காதக் கட்டிக்க. மேல போனா காத்து அடிக்கும்.

இப்படிக்கு,
கீழ நிக்கிற அப்பன்
மாயாண்டி


வட்டவளை
1962 மார்ச் 5

என் மகன் சிவசாமிக்கு அப்பன் எழுதுறது. ஒங்கம்மா சொகம். நீ சொகமா இருக்கணும்.

ஒன் ரெண்டாங் காயிதமும் தந்தியும் வந்துச்சு. அப்பா, இன்னும் ஒரு மாசந்தான் இருக்கு, கச்சேரியில என்ன சொன்னாங்கன்னு கேட்டிருக்க. நான் கச்சேரிக்குப் போகல. மழ விட்டு பதினாறு நாளாச்சு. பஸ்ஸும் ஒழுங்காத்தான் ஓடுது.

இத எழுத மூணு நாளா ஒக்கார்றேன். மொத நாள் மை இல்லன்னு சொன்னேன். ரெண்டாம் நாள் கண்ணாடியக் காணோம்னு தேடுனேன், அது என் மூக்குலதான் இருந்துச்சு. இன்னைக்கு ஒங்கம்மா மலைக்குப் போயிட்டா. நானும் ஆடும்தான். ஆடு ஒண்ணும் சொல்லாது.

அந்த மனு தள்ளுபடி ஆகி ஏழு வருசம் ஆகுதுடா.

நீ ஹட்டனுல போர்டிங்குல தங்கிப் படிச்சப்ப, 54ல விசாரணைக்குக் கூப்புட்டாங்க. நம்ம தோட்டத்துலருந்து பதினோரு பேர் லொறியில போனோம். எல்லாருக்கும் பயம். பொன்னையா வேட்டி முடிச்ச அவுத்து அவுத்துக் கட்டுறான். நான்தான் வழி முழுக்க கத சொல்லி சிரிக்க வச்சுக்கிட்டுப் போனேன். உள்ள ஒரு பெரிய மேச, ஒரு தொர, பக்கத்துல தமிழ்ல கேக்குறதுக்கு ஒரு ஐயா. மொதக் கேள்வியே ஒன் ஊர் எதுன்னுதான்.

நம்ம சனத்துகிட்ட ஊர் எதுன்னு கேட்டா என்ன சொல்லுவோம்னு ஒனக்குத் தெரியும். பொண்ணு கேக்க வந்தாலும் அதத்தான் கேப்போம், சாவு வீட்டுலயும் அதத்தான் கேப்போம். வட்டவளன்னா சொல்லுவோம்? இது தோட்டம். ஊருன்னா அது கடல் தாண்டி அக்கரையில இருக்குறது. நான் பொறந்தது இந்த லயத்துல, அந்தக் கடேசிக் காம்பராவுல. துறையூர்ப் பக்கத்துல இருக்குற ஆலங்கொம்பை நான் கண்ணால பார்த்ததே இல்ல. எங்கப்பன் சொன்னதுதான். அவர் வாயில இருந்தது என் வாயில இருந்துச்சு. நான் துறையூர்ங்கன்னு சொன்னேன். அந்த ஐயா இங்கிலீசுல சொன்னாரு, தொர எழுதுனாரு.

அதோட விட்டிருந்தா பொன்னையா மாதிரி தப்பிச்சிருப்பேன். அவனும் ஊர் பேரத்தான் சொன்னான், ஆனா பொறந்தது இங்கதான், சாகுறதும் இங்கதான்னு தலையக் குனிஞ்சுக்கிட்டு சொல்லிட்டு வந்துட்டான். அவனுக்குக் காயிதம் கெடச்சுது. எனக்கு வாய் சும்மா இருக்கல. அங்க ஒனக்கு யாராவது இருக்காங்களான்னு கேட்டாரு. எங்க முப்பாட்டன் அய்யனாரு குதிர மேல ஒக்காந்து எனக்காக எடம் புடிச்சு வச்சிருக்காருங்கன்னு சொன்னேன். பின்னால நின்ன பத்துப் பேரும் சிரிச்சாங்க. சிரிப்பு வந்ததும் எனக்கு இன்னும் ஏறிடுச்சு. திரும்பிப் போற நெனப்பு இருக்கான்னு கேட்டாரு. இந்தக் குளுருல எலும்பு நனஞ்சு போச்சு தொர, கப்பல்ல ஒரு மூலையில எடம் குடுத்தா நாளைக்கே ஏறிடுறேன்னு சொன்னேன். வாசல்ல நின்ன பியூன் கூட சிரிச்சான்.

அந்தத் தொர மட்டும் சிரிக்கல. எழுதுனாரு.

55ல காயிதம் வந்துச்சு. இங்கிலீசு. ஹட்டனுக்குக் கொண்டு போயி நம்ம ஜமால்தீன் நானா கடையில குடுத்தேன். அவரு அரிசி நிறுக்குறத நிப்பாட்டிட்டு வாசிச்சாரு. மனுதாரருக்கு இந்த நாட்டுல நெரந்தரமா வாழுற எண்ணம் இல்லன்னு அவர் வாயாலயே சொல்லியிருக்காரு, ஆகையினால அவருக்கும் பெஞ்சாதிக்கும் மகனுக்கும் இல்லன்னு இருந்துச்சு. மகனுக்கும்னு வாசிச்சப்ப நானா ஒரு தடவ என்னப் பார்த்தாரு. கடேசியில, மூணு மாசத்துக்குள்ள அப்பீல் பண்ணலாம்னு ஒரு வரி. இன்னைக்கே தோட்டத்துக் கிளாக்கர் ஐயாகிட்ட குடுங்க மாயாண்டி, அவரு எழுதிருவாரு, வெளையாட்டுக்கு சொன்னேன்னு சொல்லுங்கன்னு நானா படிச்சுப் படிச்சு சொன்னாரு.

நான் குடுக்கல. குடுத்தா கிளாக்கர் வாசிப்பாரு. கிளாக்கர் வாசிச்சா கண்டாக்குக்குத் தெரியும், கண்டாக்குக்குத் தெரிஞ்சா பெரட்டுல எல்லாருக்கும் தெரியும். மாயாண்டி மத்தவன சிரிக்க வைக்கப் போயி சொந்தப் புள்ளையோட காயிதத்த தின்னுட்டான்னு சொல்லுவாங்க. எனக்கு அது ஏலாது. நான் ஊர சிரிக்க வைப்பேன், ஊர் என்னப் பார்த்து சிரிச்சா தாங்க மாட்டேன். இந்த நாய்ப் புத்திய நான் யாருகிட்டயும் சொன்னதில்ல.

தேயிலச் செடி எவன்கிட்டயும் காயிதம் கேக்காது, நாம இருக்குறபடியே இருந்துட்டுப் போவோம்னு நெனச்சேன். நீ செடியோட நிக்க மாட்ட, ஆகாசத்துக்குப் போவன்னு அன்னைக்கு யாரு கண்டா? பொய் சொல்றேன். நான் கண்டேன். நீ கம்பியில தொங்குன அன்னைக்கே கண்டேன். அப்பவும் குடுக்கல.

அந்தக் காயிதத்த மாரியாத்தா படத்துக்குப் பின்னால, சட்டத்துக்குள்ள சொருகி வச்சேன். ஏழு வருசமா ஒங்கம்மா வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழம அதுக்குத்தான் சூடம் காட்டியிருக்கா. எம் புள்ளைக்கு காயிதம் சீக்கிரம் வரணும் தாயேன்னு அந்தக் காயிதத்துக்கு முன்னாலயே நின்னு கேப்பா. நான் பின்னால நின்னு விபூதி பூசிக்குவேன். நீ மெட்ராசுக்குக் கெளம்புறப்ப கேஸ் எப்ப முடியும்ப்பான்னு கேட்ட. இந்த கச்சேரிக்காரனுங்க மாடு அசை போடுற மாதிரி வேல செய்வானுங்கன்னு சொன்னேன். நீ சிரிச்ச. நீயும் சிரிச்சடா.

இப்ப ஜமால்தீன் நானா விசாரிச்சுப் பார்த்தாரு. அப்பீலுக்கு நாள் போயி ஏழு வருசம், ஒண்ணும் செய்ய ஏலாதுன்னு சொல்லிட்டாங்க. ஆகையினால ரத்மலானைக் கம்பெனிக்கு ஒன்கிட்ட காட்ட ஒண்ணும் இல்ல. ஒன் மணி பத்தாம இல்ல. ஒன் படிப்பு பத்தாம இல்ல. ஒன் அப்பன் வாய்தான்.

ராத்திரி சோத்துக்கு முன்னாடி ஒங்கம்மாகிட்ட சொல்லிருவேன். ஒன்கிட்ட மொதல்ல சொல்லிட்டுத்தான் அவகிட்ட சொல்லணும்னு இருந்தேன்.

திட்டி எழுது. எழுதாம மட்டும் இருக்காத.

மாயாண்டி


வட்டவளை
1962 ஆகஸ்ட் 19

என் ஐயா சிவசாமிக்கு, அப்பனும் அம்மாவும் எழுதுறது. இங்க எல்லாரும் சொகம். ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சு. ஒண்ணு கறுப்பு, ஒண்ணு வெள்ள. கறுப்புக்கு ஒம் பேர வச்சிருக்கா ஒங்கம்மா, கூரையில ஏறி எறங்க மாட்டேங்குதுன்னு.

அஞ்சு மாசம் கழிச்சு காயிதம் போட்டிருக்க. ஏன் எழுதலன்னு நான் கேக்கல. அந்த அஞ்சு மாசத்துல ஒங்கம்மா என்கிட்ட பேசுனது மொத்தமா இருவது வார்த்த இருக்கும். அன்னைக்கு விசயத்த சொன்னதும் அவ ஏசல, ஒப்பாரி வைக்கல. படத்த எறக்கி, காயிதத்த உருவி எடுத்து என் மடியில வச்சா. படத்த தொடச்சு திரும்ப மாட்டுனா. அப்பறம் தேத்தண்ணிய கொண்டாந்து முன்னால வைப்பா, போயிருவா. சீனி போட்டிருக்கான்னு கேட்டா கூடைய எடுத்து மாட்டிக்குவா. போட்டிருக்க மாட்டா. ஒன் காயிதம் வந்த அன்னைக்குத்தான் வாசிங்கன்னு ஒரு வார்த்த சொன்னா. இந்தத் தடவ ஒரு வரியும் விடாம வாசிச்சேன்.

ரத்மலானை வேல வேற ஒருத்தனுக்குப் போயிருச்சு, அவன் நூத்தித் தொண்ணூறு மணிதான் பறந்தவன், ஒன்ன விடக் கம்மின்னு எழுதியிருக்க. அதுக்கு மேல ஒண்ணும் எழுதல. நீ திட்டியிருந்தா எனக்கு லேசா இருந்திருக்கும்.

நீ துறையூருக்குப் போயி, அங்கருந்து ஆலங்கொம்பைக்கு நடந்து போனதையும் எழுதியிருக்க. அய்யனாரு இருக்காரு, குதிர ஒரு காலு ஒடஞ்சு கெடக்கு, ஆனா தாத்தா பேரச் சொன்னா தெரிஞ்சவங்க யாரும் இல்லன்னு எழுதியிருக்க. மோர் குடுத்துட்டு, கண்டிச் சீமைக்கு எப்ப திரும்பிப் போறீங்கன்னு கேட்டாங்களாமே. நல்லா இருக்குடா. இங்க உள்ளவங்க இந்தியாவுக்கு எப்ப போறன்னு கேக்குறாங்க. ரெண்டு கரையிலயும் நம்மள வழியனுப்ப ஆளு இருக்கு. வாங்கன்னு சொல்லத்தான் ஒருத்தனையும் காணோம்.

அங்க பருத்திக்கு மேல மருந்து அடிக்கிற ஏரோப்பிளேன் கம்பெனி ஒண்ணு ஒன்ன எடுத்துக்குறேன்னு சொல்லுது, மணி கம்மியா இருந்தாலும் பரவால்லன்னு சொல்லுது, ஆனா நீ இந்தியாக்காரன்னு பதிஞ்சிருக்கணும்னு கேக்குதுன்னு எழுதியிருக்க. அதுக்குத் தாத்தா அங்க பொறந்தவருன்னு அத்தாட்சி வேணும்னும் எழுதியிருக்க. மேகத்துக்கு மேல போகப் படிச்சிட்டு பருத்திச் செடிக்கு மேல பத்தடியில பறக்கப் போற. பரவால்ல. உசரம் கம்மின்னாலும் மணி மணிதான்.

ஜமால்தீன் நானாவையும் கூட்டிக்கிட்டு கண்டியில இருக்குற இந்தியா ஆபீசுக்குப் போனேன். அங்கயும் ஒரு மேச, ஒரு ஐயா. அவரு தமிழ்லயே கேட்டாரு. ஒங்க ஊர் எதுங்கன்னு.

எனக்கு வாய் வரல. இந்த அம்பத்தெட்டு வயசுல எனக்கு வாய் வராதது அதுதான் மொதத் தடவ. வட்டவளன்னு சொல்லிரலாமான்னு இருந்துச்சு. சத்தியமா அதுதான் என் ஊரு. நானா என் முதுகுல கைய வச்சாரு. துறையூர்ங்க, ஆலங்கொம்பைங்கன்னு சொன்னேன். அப்பறம் கேட்டதுக்கெல்லாம் ஒழுங்கா பதில் சொன்னேன். யாரும் சிரிக்கல. அவரு தாத்தாவுக்கான அத்தாட்சிய எழுதி சீல் குத்திக் குடுத்தாரு, இந்தக் காயிதத்தோட வச்சிருக்கேன்.

அதோட இந்தப் பொட்டலத்துல ஒரு தகரத் துண்டு இருக்கு. எங்கப்பன் அக்கரையிலருந்து கூலிக்கு வந்தப்ப கழுத்துல கட்டி விட்டது. நம்பர் குத்தியிருக்கும் பாரு. அவரு சாகுற வரைக்கும் அத அவுக்கல, அவுத்தா திருப்பி அனுப்பிருவாங்கன்னு பயம். அதே துண்டு இப்ப ஒன்ன அந்தப் பக்கம் நிக்க வைக்கப் போகுது. துருப்பிடிச்சிருந்துச்சு, ஒங்கம்மா சாம்பல் போட்டு தேச்சா. தேச்சுக்கிட்டே இருந்தா. போதும்டின்னு நான்தான் வாங்குனேன்.

கண்டி ஐயா இன்னொண்ணும் சொன்னாரு. நீ அங்க பதிஞ்சிட்டா இங்க வந்து தங்க ஏலாது. விசா எடுத்து, நாள் கேட்டு, விருந்தாளி மாதிரி வரணும். குடுத்தாலும் குடுப்பாங்க, குடுக்காமலும் விடுவாங்க. இத ஒங்கம்மாகிட்ட மறைக்கல. மறைக்கிற வேலைய விட்டுட்டேன். அவ அடுப்புல வெறகத் தள்ளி வச்சா. அப்பறம், அந்த மருந்து மூக்குல ஏறுமான்னு கேளுங்க, துணி கட்டிக்கச் சொல்லுங்கன்னு சொன்னா. அவ்வளவுதான் சொன்னா.

ஆகையினால நீ பதிஞ்சிரு. எங்களுக்காக யோசிக்காத. நீ எழுத வேண்டிய எடத்துல இந்தியான்னு கை நடுங்காம எழுது. நாங்க வரமாட்டோம்னு நெனைக்கிறேன். நாளைக்கே கப்பல் ஏறிடுறேன்னு சொன்ன எனக்குத்தான் இப்ப ஏற மனசில்ல. சிரிச்சுக்க.

ஒண்ணு சொல்லிட்டு முடிச்சுக்கிறேன். நீ கம்பியில போன கதைய நான் எப்பவும் சிரிப்பாத்தான் சொல்லியிருக்கேன். மிச்சத்த சொன்னதில்ல. அன்னைக்கு கீழ ஒரே பனி. நீ போனது தெரியுது, சேர்ந்தது தெரியல. கொழுந்துச் சாக்கு போய்ச் சேர்ந்தா செல்லசாமி கம்பியில தடியால ரெண்டு தட்டு தட்டுவான், அந்த அதிர்வு மேல என் கைக்கு வரும். அத வச்சுத்தான் அடுத்த சாக்க மாட்டுவேன். அன்னைக்கு அவன் ஒன்னப் பார்த்த பயத்துல தட்ட மறந்துட்டான். நான் கம்பிய ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு நின்னேன். ஒண்ணும் வரல. எத்தன நேரம்னு தெரியல. அப்பறம் ரெண்டு தட்டு வந்துச்சு. அது செல்லசாமி இல்ல, ஒன் அப்பன் மேல நிப்பானேன்னு நீயே தடிய எடுத்து தட்டுனன்னு அவன் அப்பறம் சொன்னான்.

வேல கெடச்சு மொத நாள் ஏறி எறங்குன ஒடனே எனக்கு எழுது. நீளமா வேணாம். என்ன மன்னிச்சேன்னும் எழுத வேணாம், அது ஒன் இஷ்டம். சேர்ந்துட்டேன்னு மட்டும் எழுது. கம்பிக்கு இப்ப வேற ஆளு போட்டுட்டாங்க, இருந்தாலும் நான் அந்திக்கு அங்கதான் போயி நிக்கிறேன். நீ எங்க பறந்தாலும் நல்லபடியா எறங்கணும், எத்தனயோ ஆயிரம் மணி பறக்கணும், தாயி மாரியாத்தா ஒனக்குக் கீழயே நிக்கணும்.

நான் கம்பிய விட்டு கைய எடுக்க மாட்டேன்.

அப்பன்
மாயாண்டி

துணி கட்டிக்கச் சொல்லி அம்மா திரும்பவும் சொல்றா.